கேப் டவுன் – டர்பன்: எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில் அட்லாண்டிக் கரையோரம் கேப் டவுன். கிழக்கே, இந்தியப் பெருங்கடல் கரையில் டர்பன். ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த இரண்டு துறைமுக நகரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை ஒருவர் 1,250 கி.மீ. என்பார், இன்னொருவர் 1,750 என்பார். இரண்டும் தவறில்லை. எதை அளந்தார்கள் என்பதுதான் வேறு. பயணத் திட்டம் போடுபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கேப் டவுனுக்கும் டர்பனுக்கும் எவ்வளவு தூரம்?

நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 1,272 கி.மீ. விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு சுமார் 1,277 கி.மீ. சாலையில் புளூம்ஃபொன்டெய்ன் வழியாக 1,638 கி.மீ.; கடற்கரை வழியாக 1,753 கி.மீ. கடல் வழியாக ஏறத்தாழ 800 கடல் மைல், அதாவது 1,480 கி.மீ.

இணையத்தில் ஆளுக்கொரு எண் போட்டிருக்கிறார்களே, ஏன்?

முதல் காரணம் அலகு. விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில் எழுதுவார்கள். 1,277 கி.மீ. என்பது 690 கடல் மைல், சாதாரண மைலில் 793. அந்த 690-ஐ யாராவது சாதாரண மைல் என்று நினைத்து 1.609-ஆல் பெருக்கிவிட்டால் 1,110 கி.மீ. என்று வந்து நிற்கும். எங்காவது 1,110 பக்கத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் இந்தப் பிழையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம், டர்பனின் விமான நிலையமே இடம் மாறிவிட்டது. பழைய நிலையம் நகரத்துக்குத் தெற்கே இருந்தது. 2010 மே 1 அன்று நகரத்துக்கு வடக்கே லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தார்கள். பயணிகள் டிக்கெட்டில் பார்க்கும் மூன்றெழுத்துக் குறியீடு, டி.யு.ஆர்., அப்படியே புதிய நிலையத்துக்கு வந்துவிட்டது. பழைய ஆயத்தொலைவுகளை மாற்றாமல் வைத்திருக்கும் தூரக் கணிப்பான்கள் இன்னமும் 1,246 கி.மீ. என்று காட்டும். 31 கி.மீ. வித்தியாசம். விமான நேரத்தில் இது இரண்டு, மூன்று நிமிடம்தான். ஆனால் பழைய வரைபடத்தை நம்பி நகரத்துக்குத் தெற்கே அறை எடுத்தவருக்கு, விமான நிலையத்துக்குப் போக நகரத்தையே கடக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பூமியின் வடிவம். முழு உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் 1,277. துருவங்களில் சற்றுத் தட்டையானது என்பதைச் சேர்த்தால் சில கி.மீ. கூடும். இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சாலை தூரத்தில் வரும் குழப்பம் வேறு வகை. பழைய தூர அட்டவணைகளில் இருக்கும் 1,753 என்பது கடற்கரைச் சாலைக் கணக்கு: கேப் டவுனிலிருந்து போர்ட் எலிசபெத் (இன்றைய கெபெர்ஹா) 769, அங்கிருந்து ஈஸ்ட் லண்டன் 310, அங்கிருந்து டர்பன் 674. உள்நாட்டு வழியில் கேப் டவுன் – புளூம்ஃபொன்டெய்ன் 1,004, புளூம்ஃபொன்டெய்ன் – டர்பன் 634, கூட்டினால் 1,638. ஊருக்குள் நுழைகிறோமா புறவழியில் போகிறோமா என்பதைப் பொறுத்து மேப் செயலியில் சில பத்து கி.மீ. முன்பின் இருக்கும்.

விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும்?

நேரடி விமானத்தில் அட்டவணைப்படி 2 மணி முதல் 2 மணி 20 நிமிடம் வரை. இது நிலையத்தில் விமானம் பின்னோக்கித் தள்ளப்படும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நேரம் வரை. காற்றில் இருக்கும் நேரம் மட்டும் பார்த்தால் 1 மணி 35 நிமிடம் முதல் 1 மணி 55 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி உண்டு. தூரத்தை 800-ஆல் வகுங்கள், அரை மணி கூட்டுங்கள். 1,277-ஐ 800-ஆல் வகுத்தால் 1.6 மணி, அதாவது 1 மணி 36 நிமிடம். அரை மணி சேர்த்தால் 2 மணி 6 நிமிடம். ஜெட் விமானம் போகும் நடுத்தரத் தூர வழிகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு கிட்டத்தட்ட ஒத்துவரும். அந்த அரை மணியில்தான் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, இறங்குவதற்கு வரிசையில் திரும்புவது எல்லாம் அடங்கியிருக்கிறது.

கேப் டவுனிலிருந்து போகும்போது ஒரு நேரம், திரும்பி வரும்போது அதிக நேரம். அட்டவணையில் பிழையா?

பிழையில்லை. காற்றுதான். இந்த அட்சரேகையில், விமானம் பறக்கும் 10–11 கி.மீ. உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். டர்பன், கேப் டவுனுக்குக் கிழக்கு-வடகிழக்கில் இருக்கிறது. அதனால் டர்பனுக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரும் என்று பார்க்கலாம். ஏற்றம், இறக்கம் போக நிலையான உயரத்தில் பறக்கும் பகுதி சுமார் 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாவிட்டால் விமானத்தின் வேகம் மணிக்கு 830 கி.மீ. மணிக்கு 100 கி.மீ. பின்காற்று இருந்தால் தரையை ஒப்பிட்ட வேகம் 930. அந்தப் பகுதியை 58 நிமிடத்தில் கடக்கும். அதே காற்று எதிரே வந்தால் வேகம் 730. 74 நிமிடம் ஆகும். ஒரு வழிக்கும் மறு வழிக்கும் 16 நிமிட வித்தியாசம். காற்று 150-ஐத் தொட்டால் அது 24 நிமிடம் ஆகிவிடும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். உயரக் காற்று அப்போது பலமாக இருக்கும், வித்தியாசமும் அதிகம். டர்பனிலிருந்து கேப் டவுன் வந்து அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிப்பவர்கள் இந்தக் கால் மணியைக் கணக்கில் சேர்த்தே நேரம் ஒதுக்க வேண்டும். எதிர்த் திசையில் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. பல நாட்களில் சொன்ன நேரத்துக்கு முன்பே தரையிறங்கிவிடும்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் உண்டா?

இல்லை. 1903 முதல் தென்னாப்பிரிக்கா முழுவதுக்கும் ஒரே நேரம்தான், உலக நேரத்துக்கு 2 மணி முன்னால். கோடைக்காக இப்போது கடிகாரத்தை மாற்றுவதும் இல்லை. இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி பின்னால்.

ஆனால் கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் சூரியன் ஒன்றாக இல்லை. இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகையில் 12.6 டிகிரி இடைவெளி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 50 நிமிடம் ஆகிறது. டிசம்பர் கடைசியில் டர்பனில் காலை 4.50-க்கே விடிந்து, மாலை 7 மணி வாக்கில் இருட்டும். கேப் டவுனில் அதே நாள் 5.30-க்கு விடிந்து, இரவு 8 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஜூனில் கேப் டவுனில் காலை 7.50 வரை சூரியன் எட்டிப் பார்க்காது. டர்பனில் மாலை 5.05-க்கே மறைந்துவிடும். குளிர்காலத்தில் மதியம் 3 மணி விமானத்தில் டர்பனுக்குப் போனால் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அங்கே வாடகைக் கார் எடுத்துத் தெரியாத சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், மதியத்துக்கு முன்பே கிளம்பும் விமானமாகப் பாருங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

ஐந்து மணி முதல் ஐந்தரை மணி. விமான நேரம் 2 மணி என்று மட்டும் பார்த்துக் காலைக் கூட்டத்துக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள்.

கேப் டவுன் விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 20 கி.மீ. சாலை காலியாக இருந்தால் 25 நிமிடம். காலையில் வார நாட்களில் என்2 நெடுஞ்சாலையில் நகரத்தை நோக்கி வரும் பக்கம் இறுகிவிடும். மாலையில் நகரத்தை விட்டு வெளியேறும் பக்கம் இறுகும். அதனால் நகரத்திலிருந்து விமான நிலையம் போகிறவர்களுக்கு மாலை 4 முதல் 6 வரைதான் சிக்கல். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விமானத்துக்கு ஒன்றரை மணி முன்னால் அங்கே இருப்பது நல்லது. பறப்பது 2 மணி 5 நிமிடம். பெட்டி வர 20–30 நிமிடம். கிங் ஷாகாவிலிருந்து டர்பன் நகர மையம் 35 கி.மீ., என்2 வழியாக 35–40 நிமிடம். நகரத்துக்கு வடக்கே கடற்கரையில் உள்ள உம்லாங்கா பக்கம் தங்குகிறவர்களுக்கு அதில் பாதிதான்.

எந்த விமான நிறுவனங்கள் பறக்கின்றன?

ஃபிளைசஃபேர், ஏர்லிங்க் இரண்டும் இந்த வழியில் நேரடியாகப் பறக்கின்றன. ஃபிளைசஃபேர் போயிங் 737 வகை, ஏர்லிங்க் அதைவிடச் சிறிய எம்பிரேயர் ஜெட். பழைய பயணக் குறிப்புகளில் மாங்கோ, குலுலா பெயர்களைப் பார்ப்பீர்கள். மாங்கோ 2021-லும், குலுலாவை நடத்திய கோமேர் 2022-லும் பறப்பதை நிறுத்திவிட்டன. அந்தக் குறிப்புகளில் இருக்கும் கட்டணம், நேரம் எதையும் நம்ப வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க் வழியாகப் போனால் மலிவாக வருமா?

சில நாட்களில் வரும். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள்: கேப் டவுன் – ஜோகன்னஸ்பர்க் 1,271 கி.மீ.; கேப் டவுன் – டர்பன் 1,277 கி.மீ. கிட்டத்தட்ட ஒரே தூரம். அதாவது ஜோகன்னஸ்பர்க் "வழியில்" இல்லை. அங்கே போவதற்கே டர்பன் போகும் நேரம் ஆகிவிடும். அதன்மேல் இன்னும் 478 கி.மீ. பறக்க வேண்டும். பறக்கும் நேரம், நடுவில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து 5 மணி ஆகும்; வாசலிலிருந்து வாசல் என்றால் 8 மணி. நேரடி விமானம் நிரம்பிவிட்டது, இன்றே போயாக வேண்டும் என்ற நிலையில் மட்டும் இந்த வழியைத் தேடுங்கள். எடுத்தாலும் இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது.

பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

ஃபிளைசஃபேரின் அடிப்படைக் கட்டணத்தில் கையில் கொண்டுபோகும் 7 கிலோ பை மட்டும். 20 கிலோ பெட்டிக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். இதை டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்துவிடுங்கள். விமான நிலையக் கவுன்டரில் கட்டினால் கூடுதலாகும்.

சிக்குபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். பன்னாட்டு விமானத்தில் 23 கிலோ, 30 கிலோ பெட்டியோடு வந்திருப்பார்கள். உள்நாட்டு டிக்கெட் தனியாக எடுத்திருந்தால் அந்த எடை இங்கே செல்லாது. 30 கிலோ பெட்டி ஒன்றை விட 15 கிலோவாக இரண்டு பெட்டி கொண்டுவருவது கைகொடுக்கும்: ஒன்றை 20 கிலோ வரம்பில் போட்டு, இன்னொன்றுக்குக் கூடுதல் பெட்டியாகக் கட்டலாம். ஒரே பெட்டி கனமாக இருந்தால், கவுன்டருக்கு முன்னால் தரையில் திறந்து வைத்துத் துணியை எடுத்து வெளியே போட வேண்டியதுதான்.

கவுன்டர் பொதுவாகப் புறப்படும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்னால் மூடிவிடும். பெட்டி போட வேண்டியவர்களுக்கு அந்த நேரம்தான் கணக்கு, விமானம் புறப்படும் நேரமல்ல. வெளிநாட்டவர் உள்நாட்டுப் பயணத்துக்கும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எந்த நேரத்து விமானம் நல்லது?

கோடையில், அதாவது நவம்பர் முதல் மார்ச் வரை, காலை விமானம். இரண்டு ஊரிலும் அதற்குக் காரணம் உண்டு. டர்பன் பக்கம் மதியத்துக்குமேல் இடிமேகம் திரளும். இறங்க வந்த விமானம் சுற்றிக்கொண்டிருக்க நேரும். கேப் டவுனில் கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும். ஊர்க்காரர்கள் அதைக் "கேப் டாக்டர்" என்பார்கள், நகரத்துப் புகையை அடித்துக்கொண்டு போவதால். அது பல நாட்களில் பிற்பகலில்தான் உச்சத்தைத் தொடும். தரையிறங்கும்போது விமானம் ஆடும். ஆபத்தில்லை, ஆனால் வயிறு கலங்கும்.

குளிர்காலத்தில் இது தலைகீழ். மே முதல் ஆகஸ்ட் வரை கேப் டவுனில் விடியற்காலையில் மூடுபனி இறங்கும் நாட்கள் உண்டு. முதல் விமானம் தாமதமானால், அதே விமானம் அன்று முழுக்கப் போகும் வழிகள் எல்லாம் தாமதமாகும். அப்போது 10 மணிக்குமேல் கிளம்புவது பாதுகாப்பான தேர்வு.

ஜன்னல் இருக்கை எந்தப் பக்கம் எடுப்பது?

டர்பனுக்குப் போகும்போது இடது பக்கம். பாதை காரூ என்னும் வறண்ட பீடபூமியின் மேல் போகும். நடுப்புள்ளி கிராஃப்-ரைநெட், மிடில்பர்க் என்ற ஊர்களுக்கு அருகில் விழும். பிறகு லெசோத்தோ நாட்டின் தெற்கு முனையை ஒட்டிக் கடக்கும். இடது ஜன்னலில் லெசோத்தோ மலைகளும் டிராக்கன்ஸ்பெர்க் தொடரும் தெரியும். ஜூலையில் உச்சிகளில் பனி வெள்ளையாகக் கிடக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: தெற்கு அரைக்கோளத்தில் பகல் சூரியன் வடக்கில் நிற்கும். அதனால் காட்சி இருக்கும் இடது பக்கத்தில்தான் வெயிலும் விழும்.

கேப் டவுனுக்கு வரும்போது மேசை மலையைப் பார்க்க எந்தப் பக்கம் என்பது காற்றைப் பொறுத்தது. கோடையில் தென்கிழக்குக் காற்று வீசும்போது விமானம் வடக்கிலிருந்து வந்து தெற்கு நோக்கி இறங்கும். மலை வலது பக்கம். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று வந்தால் ஃபால்ஸ் வளைகுடாவின் மேல் வந்து வடக்கு நோக்கி இறங்கும்; மலை இடது பக்கம்.

காரில் போனால்? எந்த வழி?

சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றால் உள்நாட்டு வழி. கேப் டவுனிலிருந்து என்1-இல் ஹியூகெனோட் சுரங்கத்தைக் கடந்து போஃபோர்ட் வெஸ்ட் (சுமார் 460 கி.மீ.), கொல்ஸ்பெர்க் (சுமார் 775), புளூம்ஃபொன்டெய்ன் (1,004). அங்கிருந்து வின்பர்க் வரை என்1. பிறகு என்5-இல் பெத்லகேம் வழியாக ஹாரிஸ்மித். அங்கே என்3-இல் ஏறி வான் ரீனன் கணவாயில் இறங்கி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடந்து டர்பன். ஓட்டும் நேரம் மட்டும் 16 முதல் 18 மணி. என்1, என்3 நல்ல சாலைகள். என்5 குறுகல், லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள், பள்ளங்களும் உண்டு.

கடற்கரை வழியான என்2, மொசெல் பே, நைஸ்னா, கெபெர்ஹா, ஈஸ்ட் லண்டன், உம்தாத்தா, கொக்ஸ்டாட் வழியாக வரும். கெபெர்ஹா வரை அருமையான சாலை, அருமையான காட்சி. மூன்று, நான்கு நாள் ஒதுக்கி ஊர் ஊராகத் தங்கிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஒரே மூச்சில் டர்பனைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது தவறான வழி. ஈஸ்ட் லண்டனுக்கு அப்பால் சாலை மலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஊர்களுக்குள்ளேயே புகுந்து போகும். மாடும் ஆடும் சாலையில் நிற்கும். இருட்டிய பிறகு இந்தப் பகுதியில் ஓட்டவே கூடாது. இந்தச் சாலையைக் கரையோரமாகச் சுருக்க, ம்சிகாபா, ம்டென்டு பள்ளத்தாக்குகளின் மேல் பெரிய பாலங்கள் கட்டும் வேலை நடக்கிறது.

ஒரே நாளில் ஓட்டிவிட முடியுமா?

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் முடியும். செய்யாதீர்கள். காரூவில் சாலை கோடு போட்டதுபோல் மணிக்கணக்கில் நேராக ஓடும். கண் திறந்தபடியே தூக்கம் வரும். இரவில் கூடு என்னும் பெரிய மான் வேலியைத் தாண்டிச் சாலைக்கு வந்துவிடும். கால் நீளம் என்பதால் கார் மோதினால் உடல் நேராகக் கண்ணாடி மேல் விழும். கொல்ஸ்பெர்க்கிலோ புளூம்ஃபொன்டெய்னிலோ ஒரு இரவு தங்குங்கள். கொல்ஸ்பெர்க்கில் தங்கினால் இரண்டாம் நாள் 860 கி.மீ. மிச்சமிருக்கும்; புளூம்ஃபொன்டெய்ன் என்றால் 634. மலைச் சாலை இரண்டாம் நாளில் வருவதால், முதல் நாள் அதிகம் ஓட்டிப் புளூம்ஃபொன்டெய்னில் தங்குவதே மேல். கிளம்புவது காலை 5 மணிக்கு.

வான் ரீனன் கணவாயில் கனரக லாரிகள் வரிசையாக இறங்கும், மூடுபனி வரும், குளிர்காலத்தில் பனியும் விழும். 2024 செப்டம்பரில் பெய்த பனியில் என்3 மூடப்பட்டு, ஏராளமான வாகனங்கள் இரவெல்லாம் அங்கேயே சிக்கின. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் ஹாரிஸ்மித்தை விட்டுக் கிளம்பும் முன் சாலை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். காரில் போர்வை, தண்ணீர், முழு டாங்க் பெட்ரோல் இருக்கட்டும்.

நூறு கி.மீ.க்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு மொத்தம் 115 லிட்டர் பெட்ரோல் ஆகும். சுங்கச்சாவடிகள் தனி: ஹியூகெனோட் சுரங்கம், என்3-இல் டுகேலா, மூய் ரிவர், மரியன்ஹில் ஆகியவை அவற்றில் சில. வாடகைக் காரைக் கேப் டவுனில் எடுத்து டர்பனில் விட்டால் ஒருவழிக் கட்டணம் கூடும். தினசரி வாடகை குறைவாக இருக்கிறதே என்று முடிவெடுக்கும் முன் இந்த வரியைப் பாருங்கள். தனியாகப் போகிறவருக்குப் பெட்ரோல், சுங்கம், ஒரு இரவு அறை எல்லாம் கூட்டினால் விமானம்தான் மலிவு. நான்கு பேர் என்றால் கணக்கு மாறும். வண்டி ஓட்டுவது இங்கேயும் இடது பக்கம்தான்.

பஸ், ரயில்?

இன்டர்கேப் போன்ற நெடுந்தூரப் பஸ்கள் உண்டு. ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். நம்பிப் போகக்கூடிய நேரடிப் பயணிகள் ரயில் இல்லை.

கப்பலில் போக முடியுமா?

அன்றாடப் பயணிகள் கப்பல் கிடையாது. தென்னாப்பிரிக்கக் கோடையில் உல்லாசக் கப்பல்கள் இரண்டு துறைமுகங்களையும் தொடும். சில தேதிகளில் ஒரு ஊரில் ஏறி மறு ஊரில் இறங்கும் பயணங்கள் கிடைக்கும். 800 கடல் மைலை 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் போனால் 53 மணி நேரம், அதாவது இரண்டு நாளுக்கு மேல்.

இந்தக் கடலிலும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றல்ல. ஆனால் வானத்துக்கு நேர்மாறு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி அகுல்ஹாஸ் நீரோட்டம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. சில இடங்களில் அதன் வேகம் 4, 5 நாட் வரை போகும். டர்பனிலிருந்து கேப் டவுன் வரும் கப்பல் அதன்மேல் சவாரி செய்யும். எதிரே போகும் கப்பல் கரையை நெருங்கிப் போய் நீரோட்டத்திலிருந்து ஒதுங்கும். விமானத்துக்கு எதிர்க்காற்றாகும் திசை கப்பலுக்குத் துணையாகிறது.

ஆபத்தும் இதே இடத்தில்தான். தென்மேற்கிலிருந்து புயல்காற்று இந்த நீரோட்டத்தை எதிர்த்து வீசும்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாக எழும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கிளம்பிய வராட்டா என்ற கப்பல் 211 பேரோடு காணாமல் போனது; இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1991 ஆகஸ்டில் ஓசியனோஸ் என்ற உல்லாசக் கப்பல் இதே கரையில் மூழ்கியது. அதில் இருந்த 571 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்.

இந்தியாவிலிருந்து வந்து இரண்டு ஊரையும் பார்க்க வேண்டும். எப்படி டிக்கெட் போடுவது?

ஒரு ஊரில் இறங்கி மறு ஊரிலிருந்து திரும்பும்படி போடுங்கள். எமிரேட்ஸ் துபாயிலிருந்து இரண்டு ஊருக்கும் பறக்கிறது. சென்னை – துபாய் – டர்பன் போய், கேப் டவுன் – துபாய் – சென்னை திரும்பினால், நடுவில் ஒரே ஒரு உள்நாட்டு விமானம் போதும். போய்வர இரண்டுக்கும் ஒரே ஊரைப் போட்டால் 1,277 கி.மீ.யை இருமுறை பறக்க நேரும்; ஒரு பகல் வீணாகும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இறங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் டர்பன் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும், நாட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி உள்நாட்டுப் பக்கம் போட வேண்டும். இரண்டு விமானத்துக்கும் இடையே 3 மணி இருந்தால் நிம்மதி.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி போன்ற இடங்கள் வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறது என்று நீண்ட காத்திருப்பை எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

டர்பனில் தமிழர்கள் இருக்கும் பகுதிகள் விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம்?

ஃபீனிக்ஸ் பக்கம்தான், நகரத்துக்குப் போகும் வழியில், சுமார் 20 கி.மீ. சாட்ஸ்வொர்த் நகரத்தைத் தாண்டித் தென்மேற்கே, 50 கி.மீ. வாக்கில். சாட்ஸ்வொர்த் போகிறவர்கள் மாலை நெரிசலில் ஒரு மணிக்கு மேல் ஒதுக்குங்கள். வழியில் மவுண்ட் எட்ஜ்கோம்பில் பழைய கோயில்கள் இருக்கின்றன.

கிங் ஷாகாவில் இறங்கும்போது ஓடுதளத்தைச் சுற்றிப் பச்சையாக விரிந்திருப்பது கரும்பு. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்த முதல் ஒப்பந்தக் கூலிகள் இந்தக் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்காகத்தான் அழைத்துவரப்பட்டார்கள். விமானம் தாழும்போது வலது ஜன்னலில் கடல் தெரிந்தால் இடது ஜன்னலில் அந்த வயல்கள் தெரியும். தெற்கிலிருந்து இறங்குகிறதா வடக்கிலிருந்தா என்பதைப் பொறுத்துப் பக்கம் மாறும்.